உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையே ஒரு பொதுமொழி

பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பணிபுரிவோர் நாவில் இன்று அடிக்கடி வழங்கும் சொற்றொடர் ஒன்று உண்டு. "சர்வர் கிடைக்கவில்லை" என்பதே அது. வரி செலுத்த வந்தவரும், பிறப்புச் சான்று கேட்டு வந்தவரும், ஓய்வூதிய விண்ணப்பம் அளிக்க வந்த முதியவரும் இவ்வொரு விடையையே பெற்றுத் திரும்புகின்றனர். ஆயினும் இச்சொற்றொடருக்குள் அடங்கிக் கிடக்கும் நிலைமைகள் பல. இணைப்பே அற்றுப்போயிருக்கலாம்; சேவையகம் பழுதுபட்டிருக்கலாம்; விண்ணப்பத்தில் ஒரு விவரம் தவறியிருக்கலாம்; பணியாளரின் நுழைவு உரிமை காலாவதியாகியிருக்கலாம்; விண்ணப்பம் ஏற்கெனவே பதிவாகி, அச்செய்தி மட்டும் திரும்பி வாராமலும் இருக்கலாம். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் செய்யவேண்டிய பரிகாரம் வேறு. இவற்றைப் பிரித்தறியும் வழி கணிப்பொறி முறையினுள்ளேயே அமைந்துள்ளது. அவ்வறிவு பணியாளரை எட்டாமற் போவதேன் என்பதும், எட்டச் செய்யவேண்டியவர் யாவர் என்பதும் ஈண்டு ஆராயத்தக்கவை.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரையை அடுத்துள்ள அதியன்னூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுக்கா கேரளத்தில் நின்றது. நிலத்தின்மீது எல்லை வகுக்கப்பட்டது. உறவும் மொழியும் அவ்வாறு வகுபடவில்லை. பாறசாலைப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே இல்லத்தில் வழங்குதல் இயல்பு. களியக்காவிளைப் பக்கத்துப் பெற்றோருக்கு நெய்யாற்றின்கரை மருத்துவமனையில் குழந்தை பிறத்தலும், அக்குழந்தை பின்னர்த் தமிழ்நாட்டுப் பள்ளியொன்றில் சேர்தலும் வியப்புக்குரியன அல்ல. பிறப்பு எங்கு நிகழ்ந்ததோ அங்கேயே பதியப்பட வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஆகவே அக்குழந்தையின் பெயர் கேரள உள்ளாட்சியின் பதிவேட்டில் தொடங்கி, தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் பதிவில் சென்று சேர்கிறது. எல்லைக்கு இப்பால் படிப்பின் கேரளத்தின் சம்பூர்ணாவில் சேர்கிறது.

உள்ளாட்சி முறைகளே இரண்டாக நின்ற காலமும் இருந்தது. நெய்யாற்றின்கரை நகராட்சி உள்ளிட்ட கேரள நகர உள்ளாட்சிகளில் 2024 சனவரி 1 அன்று கே-ஸ்மார்ட் என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. கிராமப் பஞ்சாயத்துகளில் ஐ.எல்.ஜி.எம்.எஸ். என்னும் வேறொரு முறை வழங்கிற்று. 2025 ஏப்ரலிலேதான் கே-ஸ்மார்ட் பஞ்சாயத்துகளுக்கும் விரிந்தது. நகராட்சியையும் பஞ்சாயத்தையும் பிரிப்பது சில இடங்களில் ஒரு சாலைதான். எனினும் சாலையின் இருமருங்கிலும் ஓராண்டுக்கு மேலாக வெவ்வேறு நிரல்கள் ஆட்சி செய்தன. இத்தகைய இடங்களில் நிரலும் நிரலும் பேசிக்கொள்ளும் மொழி எத்துணை முக்கியமானது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இணைப்பு நடைபெறும் விதம்

பணியாளர் காண்பது பிரவுசர் என வழங்கும் உலாவியை. அதனுள் இயங்கும் நிரல் படிவத்தைக் காட்டுகிறது, விவரங்களைப் பெற்றுக்கொள்கிறது. பதிவேடுகளோ தொலைவிலுள்ள சேவையகத்தில் இருக்கின்றன. அச்சேவையகமும் ஒரே நிரலால் ஆனதன்று. பிறப்பு இறப்புப் பதிவுக்கு ஒரு கூறு, வரிக்கு ஒரு கூறு, ஓய்வூதியத்துக்கு ஒரு கூறு, பணியாளரின் உரிமையைச் சரிபார்க்க ஒரு கூறு எனப் பல கூறுகள் சேர்ந்தே அது இயங்குகிறது. உலாவி நிரல் ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. உரிய கூறு அதனைப் படித்து மறுமொழி விடுக்கிறது. விண்ணப்பமும் அதன்மேல் எழுதப்படும் மேற்குறிப்பும் போன்றவையே இவை.

தொடக்கக் காலத்தில் இம்முறை எளிதாக இருந்தது. 1990களில் ஒரு படிவத்தை அனுப்பினால் சேவையகம் முழுப் பக்கத்தையும் புதிதாக எழுதித் திருப்பி அனுப்பும். 1999இல் மைக்ரோசாப்ட் தன் உலாவியின் ஐந்தாம் பதிப்பில், பக்கத்தை மாற்றாமலே சிறு செய்தியொன்றைச் சேவையகத்தோடு பரிமாறிக்கொள்ளும் வசதியை அமைத்தது. 2005இல் அம்முறைக்கு அஜாக்ஸ் என்ற பெயர் ஏற்பட்டு உலகெங்கும் பரவிற்று. அச்செய்திகளை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதில் இரு நெறிகள் தோன்றின. தூரத்துக் கூறொன்றின் செயலைப் பெயர் சொல்லி அழைக்கும் சோப் என்ற நெறி ஒன்று. ராய் பீல்டிங் 2000ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் விளக்கிய ரெஸ்ட் என்ற நெறி மற்றொன்று. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி உண்டு, அதனைப் படித்தல், இடுதல், மாற்றுதல், நீக்குதல் ஆகியவை பொதுவான சில வினைச்சொற்களாலேயே நடைபெறும். இன்று பெரும்பாலான முறைகள் இந்த இரண்டாம் நெறியைத் தழுவி, ஜேசன் என்னும் எளிய எழுத்து வடிவில் செய்தி அனுப்புகின்றன.

இதன் விளைவு ஒன்றைக் கருதுதல் வேண்டும். முன்னர்ச் சேவையகம் எழுதிய பக்கத்தைப் பணியாளர் நேரே படித்தார். இன்று சேவையகம் கூறுவதை உலாவி நிரல் முதலில் படித்து, தனக்குத் தோன்றியவாறு பணியாளருக்குச் சொல்கிறது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டார் என்பதே பொருள். மொழிபெயர்ப்பாளர் பாதியை விழுங்கினால் கேட்பவர் பாதியையே அறிவார்.

மறுமொழியில் அடங்கிய எண்

ஒவ்வொரு மறுமொழியும் மூன்றிலக்க எண்ணொன்றோடு வருகிறது. 200 எனில் வேண்டியது நிறைவேறியது. 400 முதலான எண்கள் வேண்டுகோளில் குறையுண்டு எனக் கூறுவன: 401 எனில் மீண்டும் நுழைவுச் சொல் இடுக, 403 எனில் இச்செயலுக்கு உமக்கு அதிகாரமில்லை, 404 எனில் கேட்ட பதிவு இல்லை, 409 எனில் இருக்கும் பதிவோடு இது முரண்படுகிறது. 500 முதலான எண்கள் குறை சேவையகத்தினுடையது என ஒப்புக்கொள்வன: 503 எனில் இப்போது இயலாது, பின்னர் வருக. எத்துணை நேரம் கழித்து என்பதையும் அம்மறுமொழியிலேயே குறிக்க இடமுண்டு.

பணியாளருக்கு வேண்டிய அறிவு இவ்வளவே. 409 வந்தால் பழைய பதிவைத் தேடவேண்டும். 403 வந்தால் செயலாளரிடம் செல்லவேண்டும். 503 வந்தால் விண்ணப்பதாரரை அமரச் செய்யலாம். ஆனால் பல முறைகளில் இவை யாவும் "ஏதோ பிழை நேர்ந்தது" என்ற ஒரே வாசகமாகத் திரையில் தோன்றுகின்றன. இன்னும் மோசமான வழக்கம் ஒன்றும் உண்டு. சேவையகத்தின் கூறு 200 என்று எண்ணிட்டுவிட்டு, உள்ளே ஆங்கில வாக்கியமொன்றில் "நிறைவேறவில்லை" என எழுதி அனுப்பும். உலாவி நிரல் எண்ணை மட்டும் பார்த்துப் "பதிவாயிற்று" எனக் காட்டிவிடும். விண்ணப்பித்த மூதாட்டி மூன்று மாதம் காத்திருந்து வந்து கேட்கும்போது, பதிவேட்டில் அவர் பெயரே இராது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நிரல் எழுதியவர் அல்லர். மேசைக்கு முன்னிருக்கும் பணியாளரே.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ளோர்க்கு இதில் ஒரு தனிக் குறையும் உண்டு. எம்மிடம் திரையிலுள்ள தலைப்புகளும் பொத்தான்களின் பெயர்களும் மட்டுமே மொழிபெயர்ப்புக்கு வருகின்றன. சேவையகத்தினின்று வரும் வாக்கியங்கள் எம் மேசைக்கு வருவதில்லை. அவை நிரலின் உள்ளே ஆங்கிலத்தில் புதைந்து கிடக்கின்றன. ஆகவே எல்லாம் நன்றாக நடக்கும்போது திரை தாய்மொழியில் பேசுகிறது. இடர் நேர்ந்து விளக்கம் தேவைப்படும் வேளையில் அந்நிய மொழிக்குத் தாவிவிடுகிறது. இதனை மாற்றும் வழி எளிது. சேவையகம் வாக்கியம் அனுப்புதல் கூடாது. நிலையான குறியீட்டையும் உரிய விவரங்களையும் மட்டுமே அனுப்புதல் வேண்டும். அக்குறியீட்டுக்குரிய வாசகம் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் உலாவியின் பக்கத்தில் பட்டியலாக இருத்தல் வேண்டும். இடர்களை இவ்வாறு ஒழுங்காக விவரிக்கும் பொதுவடிவம் ஒன்றை இணையத்தின் நெறிமுறைக் குழுவே 2016இல் வெளியிட்டு, 2023இல் திருத்தியும் தந்துள்ளது. புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை. உள்ளதைக் கைக்கொள்வதே போதும்.

பெயர் சிதையாமை

இணைப்பின் இரண்டாம் கடமை, கொடுத்த எழுத்தைக் கொடுத்தவாறே கொண்டு சேர்த்தல். அதியன்னூர் என்ற பெயரையே காண்க. கண்ணுக்கு அஃது ஆறெழுத்து. யூனிக்கோடு முறையில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனி எண் பெறுவதால் பத்துக் குறியெண்கள் ஆகின்றன. யு.டி.எப்.-8 வடிவில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்வதால் மொத்தம் 30 பைட்டு. இதே பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் பத்தெழுத்து, பத்தே பைட்டு. ஆங்கிலப் பெயர்களை மனத்திற்கொண்டு ஊர்ப்பெயருக்கு 20 பைட்டு போதுமெனச் சேவையகக் கூறொன்று வரையறுத்து, மிகுந்ததை வெட்டிவிடுமாயின், எஞ்சுவது "அதியன்" என்பதும் அதன்பின் ஒரு சிதைந்த குறியுமே. ஊர்ப்பெயர் ஆட்பெயராகிவிடும்! உலாவியில் முழுமையாகத் தோன்றிய பெயர் சான்றிதழில் குறைந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலையாளத்தில் இடர் வேறு வகையினது. அம்மொழியில் ஊரின் இறுதி எழுத்து சில்லெழுத்தாகும். 2008இல் வெளியான யூனிக்கோடு 5.1 பதிப்பிலேதான் சில்லெழுத்துகளுக்குத் தனி எண்கள் கிடைத்தன. அதற்கு முன்னர் அவை மூன்று குறியெண்களின் சேர்க்கையாக எழுதப்பட்டன. ஆகவே அதியன்னூரின் மலையாளப் பெயர் புதுமுறையில் 27 பைட்டாகவும் பழமுறையில் 33 பைட்டாகவும் பதிவாகியிருத்தல் கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்கும் சேவையகத்துக்கு அவை இரு வேறு ஊர்கள். பழைய பதிவைத் தேடினால் "பதிவு இல்லை" என்ற விடை வரும். தமிழிலும் "பொ", "கோ" போன்ற எழுத்துகளின் குறியை ஒரே எண்ணாகவும் இரண்டு எண்களாகவும் இடலாம். ஆனால் யூனிக்கோட்டின் இயல்பாக்க விதி அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். சில்லெழுத்தை அவ்விதி ஒன்றாக்குவதில்லை. சேவையகம் தனியே முயன்று ஒன்றாக்குதல் வேண்டும். எழுத்தை இயல்பாக்குவது யார் கடமை, எத்துணை நீளம் ஏற்கப்படும் என்பவற்றை இரு பக்கத்தாரும் முன்கூட்டியே எழுதி ஒப்பியிருத்தல் இன்றியமையாதது.

இதனைச் சிறு செய்தியெனக் கொள்ளலாகாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் முதலியவற்றில் பிறப்புச் சான்றே வயதுக்கும் பிறப்பிடத்துக்கும் ஆதாரமாகும். மாநிலப் பதிவுகள் நாடளாவிய தரவுத்தளத்துக்கும் செல்லுகின்றன. முதல் சேவையகத்தில் சிதைந்த பெயர் பின்வரும் எல்லாச் சேவையகங்களிலும் சிதைந்தே நிற்கும். அதனைத் திருத்த அலைபவர் எல்லையோரத்துக் கூலித் தொழிலாளியாக இருப்பார்.

ஒரு முறை செய்ததை இருமுறை செய்யாமை

மூன்றாவது கடமை இது. வேண்டுகோள் சென்று சேர்கிறது. சேவையகம் வரியைப் பதிந்துகொள்கிறது. மறுமொழி வரும் வழியில் இணைப்பு அறுகிறது. பணியாளர் ஒன்றும் நடக்கவில்லையென எண்ணி மீண்டும் பொத்தானை அழுத்துகிறார். வரி இருமுறை பதிவாகிறது. கம்பி இணைப்பு நிலையாக உள்ள நகரங்களில் இது அரிது. மழைக்காலத்துச் சிற்றூர்களில் அரிதன்று.

படித்தல், குறித்த இடத்தில் மாற்றி எழுதுதல், நீக்குதல் ஆகிய வினைகளை எத்தனை முறை திரும்பச் செய்தாலும் விளைவு ஒன்றே எனப் பொதுநெறி வகுத்துள்ளது. புதிதாக ஒன்றைச் சேர்க்கும் வினைக்கு அவ்வுறுதி இல்லை. அதற்கு ஒரு பரிகாரம் உண்டு. உலாவி நிரல் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தானே ஒரு தனி எண்ணை இட்டு அனுப்புதல் வேண்டும். அதே எண் மறுபடி வருமாயின் சேவையகம் செயலை மீண்டும் செய்யாது, முன்னளித்த மறுமொழியையே திரும்ப அளித்தல் வேண்டும். பதிவுத் தபாலுக்கு ஓர் எண் இருந்ததால் ஒரே கடிதம் இரண்டாக எண்ணப்பட்டதில்லை. அதே தத்துவம்தான் இது. பொத்தானை இருமுறை அழுத்தாதீர் என்று பணியாளரை எச்சரிப்பது பரிகாரமாகாது.

எழுதப்பட்ட உடன்படிக்கை வேண்டும்

மேற்கூறிய மூன்றும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. உலாவி நிரலுக்கும் சேவையகக் கூறுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை உண்டு: எதைக் கேட்கலாம், எவ்வடிவில் கேட்கலாம், எவ்விடைகள் வரும் என்பதே அது. ஓப்பன்ஏபிஐ போன்ற விவரண முறைகள் அதனைத் தெளிவாக எழுதிவைக்க உதவுகின்றன. அரசின் நிரல்களுக்குரிய இவ்விணைப்புகள் திறந்தவையாக இருத்தல் வேண்டுமென மைய அரசு 2015ஆம் ஆண்டிலேயே கொள்கை வெளியிட்டது. ஆயின் வெளியிடப்படுவன பெரும்பாலும் நிரலர் நிரலருக்கு எழுதும் ஏடுகள். எமது கருத்து இதற்கும் ஒருபடி அப்பாற்பட்டது. மக்கள் சேவைக்கான ஒவ்வொரு இணைப்பிலும் வரக்கூடிய விடைகளின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் பணியாளர் செய்யத்தக்கதும், அச்சேவை வழங்கப்படும் பகுதியின் மொழிகளில் அச்சிட்டு வெளியிடப்படல் வேண்டும். அது தயாராகும் முன்னர்ச் சேவையைத் தொடங்குதல் கூடாது.

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. உள்விவரங்களை வெளியிட்டால் தீயோர் அவற்றைப் பயன்படுத்திச் சேவையகத்தைத் தாக்குவர் என்பது அவர்தம் முதல் வாதம். சேவையகத்தின் உள்ளமைப்பையும் தரவுத்தளத்தின் பெயர்களையும் திரையில் காட்டுதல் தவறென்பதில் எமக்கும் உடன்பாடே. ஆனால் "உம் விண்ணப்பம் பதிவாகவில்லை, பிறந்த தேதி விடுபட்டது" என்பது இரகசியமன்று. தவிரவும், பாதுகாப்பு மறைவினால் வருவதன்று. உலாவி நிரல் பயன்படுத்துவோர் கையிலிருப்பது. அதனை எவரும் மாற்றிவிடலாம். ஆகவே உலாவி சரிபார்த்தது என நம்பாது, ஒவ்வொரு விவரத்தையும் உரிமையையும் சேவையகம் தானே மீண்டும் சரிபார்ப்பதிலேயே பாதுகாப்பு அடங்கியுள்ளது. அதனைச் செய்யும் கூறு உடன்படிக்கையை வெளியிட அஞ்ச வேண்டுவதில்லை.

செலவு மிகும் என்பது இரண்டாம் வாதம். ஒரு சேவையில் வரத்தக்க விடைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அவற்றை ஒருமுறை மொழிபெயர்த்தால் அலுவலகந்தோறும் பயன்படும். மொழிபெயர்க்காததன் செலவோ பேருந்துக் கட்டணமாகவும் இழந்த கூலியாகவும் மக்கள் மேல் விழுகிறது. அது எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் காணப்படுவதில்லை என்பதே வேறுபாடு.

எல்லையோர மக்களின் மொழிக்கு இத்துணை அழுத்தம் எதற்கு என்பது மூன்றாம் வினா. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டபோதே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த வழி செய்யப்பட்டது. ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் குறைதீர் மனு அளிக்கலாம் என்பது அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு. காகிதத்தில் இருந்த இவ்வுரிமை படிவம் உலாவிக்கு மாறியதனால் தேய்ந்துபோதல் முறையன்று.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

இம்மாற்றம் மேலிடத்திலிருந்து மட்டும் வரும் எனக் காத்திருத்தல் வேண்டா. இடர் நேரும்போது நாள், நேரம், செய்த செயல், திரையில் தோன்றிய வாசகம், எண் காணப்பட்டால் அவ்வெண் ஆகிய ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நலம். "சர்வர் இல்லை" என்ற புகாரை எவரும் தள்ளிவிடலாம். "இன்ன நாள் இன்ன நேரத்தில் 409 வந்தது, தேடியபோது பதிவு இல்லை" என்ற குறிப்பைத் தள்ளுதல் எளிதன்று. ஒப்புகை எண் கிடைக்குமுன் விண்ணப்பதாரரை அனுப்பிவிடாதிருத்தலும், மறுபடி அழுத்துமுன் பதிவு ஏற்கெனவே உள்ளதா எனத் தேடிப் பார்த்தலும் பழக்கமாதல் வேண்டும். புதிய நிரலொன்று சோதனைக்கு வரும்போது, சுருங்கிய ஆங்கிலப் பெயரை இட்டுப் பாராமல், தம் ஊரின் நீண்ட பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் இட்டுப் பார்த்து, சான்றிதழ் வரை அவை சிதையாது வருகின்றனவா எனக் காணுதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே நடத்திக் காட்டலாம். ஒரு மாணவர் உலாவியாகவும் மற்றொருவர் சேவையகமாகவும் அமர்ந்து, துண்டுச் சீட்டுகளில் வேண்டுகோளும் மறுமொழியும் எழுதிப் பரிமாறட்டும். ஒரு சீட்டை வழியில் மறைத்துவிட்டு, இனி என் செய்வீர் என்று வினவுக. அதே வேண்டுகோளை மறுபடி எழுதுவதோ, முதற்சீட்டின் எண்ணைக் குறித்துக் கேட்பதோ என மாணவர் தாமே விவாதித்து முடிவுக்கு வருவர். பள்ளிப் பதிவேட்டில் தம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதையும் அவர்கள் அன்றே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரு துறையின் நிரல் எத்துணை விரைவானது என்பதைக்கொண்டு மட்டும் அதனை மதிப்பிடுதல் போதாது. வேண்டுகோளை ஏற்க இயலாதபோது அது காரணத்தை உண்மையாகவும், கேட்பவர் அறிந்த மொழியிலும் கூறுகிறதா என்பதும் மதிப்பீட்டில் இடம்பெறல் வேண்டும். நிரலை ஏற்றுக்கொள்ளும் அதிகாரிகள் தம் சோதனைப் பட்டியலில் இவ்வொரு வரியைச் சேர்த்துக்கொள்வார்களாயின், அதியன்னூர் போன்ற சிற்றூர்களில் வீணாகத் திரும்பிச் செல்வோர் தொகை குறையும்.